ஒன்டாரியோவில் முதல் இலையுதிர்காலம்: குடும்பப் படமும் வீட்டு வேலையும், தேதி வரிசைப்படி

ஒன்டாரியோவுக்கு வந்து முதல் செப்டம்பரைப் பார்க்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலை சிவக்கும்போது குடும்பத்தோடு நல்ல படம் எடுக்க வேண்டும், வீட்டையும் குளிருக்குத் தயார்செய்ய வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியிருக்கும், நவராத்திரியும் தீபாவளியும் இதே வாரங்களில்தான் வரும். எது எப்போது என்று ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லாமல் ஒவ்வொன்றையும் ஒவ்வொருவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கும் தரை உறையத் தொடங்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு வார இறுதிகள்தான் இருக்கின்றன. அதில் மழை சில, கொண்டாட்டம் சில, சளிக்காய்ச்சல் சில போய்விடும். அதனால் "நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்வோம்" என்பது இங்கே நடக்காது. இலையும் உறைபனியும் உங்களுக்காகக் காத்திருக்காது. கீழே உள்ள வரிசை தேதியை வைத்துத்தான், முக்கியத்துவத்தை வைத்து அல்ல. சொல்லும் விலைகளெல்லாம் டொராண்டோவைச் சுற்றிய ஊர்களின் தோராயக் கணக்கு.

1. செப்டம்பர் தொடக்கம்: போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள்

இலைகளைப் படம் எடுக்கும் முன் வீட்டைப் படம் எடுங்கள். செலவில்லை, அரை மணி நேரம் போதும், ஆனால் குளிர்காலம் முழுக்க உதவும்.

எடுக்க வேண்டியவை: வீட்டைச் சூடாக்கும் இயந்திரமான ஃபர்னஸின் பெயர்ப்பலகை (மாடல் எண், தொடர் எண் தெரியும்படி), உள்ளே இருக்கும் ஃபில்டரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவு, வெந்நீர்த் தொட்டியின் பலகை, மின்சாரப் பிரேக்கர் பெட்டியின் கதவைத் திறந்து அதன் உள்பக்க எழுத்து, வீட்டுக்குள் தண்ணீர் வரும் இடத்தில் இருக்கும் முதன்மை வால்வு, வெளிக்குழாய்களுக்குப் போகும் உள் வால்வுகள், புகை அலாரங்களின் பின்புறத் தேதி. இவை எல்லாவற்றையும் 'வீடு' என்று ஒரு ஆல்பத்தில் போட்டு, கணவன் மனைவி இருவர் போனிலும் இருக்கும்படி பகிர்ந்துவிடுங்கள். நடு இரவில் தண்ணீர் கசிந்தால் வால்வு எங்கே என்று தேடும் ஆள் வீட்டில் இருப்பவராகத்தான் இருப்பார், தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை.

வாடகை வீடு என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள். ஜன்னல் ஓரங்கள், கதவுக்கு அடியில் தெரியும் வெளிச்சம், பேஸ்மென்ட் சுவரின் ஈரத்திட்டு, ஹீட்டர்கள். பூஞ்சை ஜனவரியில் பரவினால், செப்டம்பரில் அந்த மூலை எப்படி இருந்தது என்று காட்ட இந்தப் படம்தான் ஆதாரம். ஏதாவது பழுது இருந்தால் வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ படத்தோடு எழுதுங்கள். வாயால் சொன்னது பிறகு நிற்காது. வெப்பத்தைப் பொறுத்தவரை, தனி விதி இல்லாத ஊர்களில் மாகாண விதிப்படி செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைந்தது 20 டிகிரி இருக்க வேண்டும். டொராண்டோவின் விதி 21 டிகிரி. எழுதிக் கேட்டும் சரிசெய்யாத வீட்டுக்காரர் மீது வீட்டு உரிமையாளர்-வாடகையாளர் வாரியத்தில் டி6 படிவம் கொடுக்கலாம். அப்போது தேதியிட்ட இந்தப் படங்களையும் செய்திகளையும்தான் கேட்பார்கள்.

2. செப்டம்பர் நடுவில்: கறிவேப்பிலையை உள்ளே எடுங்கள்

பகலில் 22 டிகிரி அடிக்கும், நாமும் அசட்டையாக இருப்போம். பார்க்க வேண்டியது இரவு வெப்பநிலையை. இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகும் என்று வானிலை சொல்லத் தொடங்கியதும் கறிவேப்பிலை, மல்லிகை, முருங்கைத் தொட்டிகள் உள்ளே வந்துவிட வேண்டும். ஒரே ஒரு உறைபனி இரவு போதும், கோடை முழுக்க வளர்த்த செடி கருகிவிடும்.

நேராகத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவி, பூச்சிக்கொல்லி சோப்புத் தெளித்து, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே. செதில்பூச்சியும் சிலந்திப்பேனும் வீட்டின் உலர்ந்த காற்றில் வேகமாகப் பெருகும், ஒரு தொட்டியிலிருந்து எல்லாவற்றுக்கும் போகும். தெற்கு பார்த்த ஜன்னல் இருந்தால் அங்கே வையுங்கள். இல்லையென்றால் 30 முதல் 50 டாலருக்குச் செடி வளர்ப்பு விளக்கு கிடைக்கும். தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், உரம் வேண்டாம். டிசம்பரில் இலை கொட்டினால் பயந்து தண்ணீர் ஊற்றிக் கொல்லாதீர்கள், அது ஓய்வெடுக்கிறது.

3. செப்டம்பர் முடிவதற்குள்: ஃபர்னஸ்

முதல் குளிர் நாளில் ஊரே ஃபர்னஸைப் போடும், அன்றைக்குத்தான் பாதிப் பேருக்கு அது ஓடாது என்று தெரியும். அந்த வாரம் ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் அவசரக் கட்டணம். அதனால் வெயில் இருக்கும்போதே ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். முதலில் கொஞ்சம் தூசி கருகும் வாசனை வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். போகவில்லையென்றாலோ முட்டை அழுகிய வாசனை வந்தாலோ அது வேறு விஷயம். முட்டை வாசனை என்றால் எரிவாயு. எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து 911ஐயோ எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்ணையோ கூப்பிடுங்கள்.

ஃபில்டர் மாற்றுவது நீங்களே செய்யக்கூடியது. 16 × 25 × 1 அங்குலம் என்பது பல வீடுகளில் இருக்கும் அளவு, ஆனால் ஊகிக்காதீர்கள், எடுத்து வைத்த படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒன்று 10 முதல் 25 டாலர். ஃபில்டரில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். மெர்வ் (வடிகட்டும் திறனைச் சொல்லும் எண்) 8 அல்லது 11 போதும். அதிக எண் அதிக நல்லது என்று கடையில் இருப்பதிலேயே பெரியதை வாங்கினால் பழைய ஃபர்னஸ்கள் காற்றிழுக்கத் திணறும். மெல்லிய ஃபில்டர் என்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நம் வீடுகளில் தாளிப்பும் பொரிப்பும் சாம்பிராணியும் இருப்பதால் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

வருடாந்தரப் பரிசோதனைக்கு 100 முதல் 200 டாலர் ஆகும். வருபவர் தொழில்நுட்பத் தரநிலை மற்றும் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு பெற்ற நிறுவனத்தைச் சேர்ந்தவரா, எரிவாயு வேலைக்கான உரிமம் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், கேட்பது இங்கே தவறாக எடுத்துக்கொள்ளப்படாது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், உத்தரவாதத்துக்குப் பல நிறுவனங்கள் பரிசோதனை ரசீது கேட்கும்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. இலையுதிர்காலம் வந்தால் கதவைத் தட்டுகிறவர்களும் வருவார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், "உங்கள் தெருவில் ஃபர்னஸ் சோதனை நடக்கிறது, அரசு மானியம் இருக்கிறது, மின்சார பில்லைக் காட்டுங்கள்" என்பார்கள். சிலர் தமிழிலேயே பேசுவார்கள், "அக்கா, அண்ணா" என்று உரிமையோடு கூப்பிடுவார்கள். 2018 மார்ச் 1 முதல் ஒன்டாரியோவில் நீங்கள் கூப்பிடாமல் வீட்டு வாசலில் வந்து ஃபர்னஸ், ஏர்கண்டிஷனர், வெந்நீர்த் தொட்டி, தண்ணீர் சுத்திகரிப்பான் போன்றவற்றுக்கு ஒப்பந்தம் போடுவது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அதனால் உள்ளே விடாதீர்கள், பில்லைக் காட்டாதீர்கள், எங்கும் கையெழுத்துப் போடாதீர்கள். எங்களுக்குத் தெரிந்த குடும்பங்களில் வயதானவர்கள் பகலில் தனியாக இருக்கும்போதுதான் இது நடந்திருக்கிறது. ஆகவே ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவிடம் கட்டாயம் சொல்லிவையுங்கள். நீங்களே கூப்பிட்டு வீட்டில் வைத்து ஒப்பந்தம் போட்டிருந்தாலும், 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துசெய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. ரத்தை எழுத்தில் அனுப்புங்கள்.

மானியம் உண்மையிலேயே இருக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய வீட்டுப் புதுப்பிப்புச் சேமிப்புத் திட்டத்தில் ஜன்னல், கதவு, வெப்பக்காப்பு போன்றவற்றுக்குச் செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அதை நீங்களே திட்டத்தின் தளத்தில் பார்த்து விண்ணப்பிக்கலாம். வேலையை முடித்துவிட்டு விதிகளைப் படிக்காதீர்கள். முன்மதிப்பீடு வேண்டுமா, யார் வேலை செய்ய வேண்டும் என்பதெல்லாம் வேலை தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

4. படம் எடுக்க எங்கே, எப்போது, என்ன அனுமதி

நிறம் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வரும். அல்கோன்குவின் பூங்காவில் சர்க்கரை மேப்பிள் மரங்கள் செப்டம்பர் கடைசி வாரத்தை ஒட்டி உச்சத்துக்கு வரும், அக்டோபர் முதல் வாரத்துக்குள் பெரும்பாலும் கொட்டத் தொடங்கிவிடும். டொராண்டோவுக்கு வடமேற்கே மோனோ கிளிஃப்ஸ், ஃபோர்க்ஸ் ஆஃப் த கிரெடிட் பக்கம் அக்டோபர் முதல் பாதி. டொராண்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை. மாகாணப் பூங்காக்களை நடத்தும் ஒன்டாரியோ பார்க்ஸ் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் எந்தப் பூங்காவில் எவ்வளவு நிறம் மாறியிருக்கிறது என்று அறிக்கை போடும். கிளம்பும் முன் அதைப் பாருங்கள், போன வருடம் நண்பர் போட்ட படத்தின் தேதியை நம்பாதீர்கள்.

மாகாணப் பூங்காக்களுக்கு வாகன நாள் அனுமதி வேண்டும். ஒரு காருக்கு 20 டாலரை ஒட்டி ஆகும், ஆட்களுக்குத் தனியாக இல்லை. போகும் நாளுக்கு 5 நாள் முன்பிருந்து இணையத்தில் எடுக்கலாம், காலையிலேயே திறந்துவிடும். அக்டோபர் இரண்டாவது திங்கள்கிழமை நன்றி நவிலல் நாள், அந்த நீண்ட வார இறுதிக்கும் அதற்கு முந்தைய வார இறுதிகளுக்கும் அல்கோன்குவின் அனுமதி சீக்கிரம் தீர்ந்துவிடும். மூன்று மணி நேரம் ஓட்டிப் போய் வாசலில் திருப்பி அனுப்பப்படுகிற குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. கார் எண்ணைச் சரியாகக் கொடுங்கள், அனுமதிச்சீட்டை அச்செடுத்தோ படமாகவோ வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போகப் போக செல்போன் சிக்னல் இருக்காது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான கன்சர்வேஷன் ஹால்டன் நடத்தும் ரேட்டில்ஸ்நேக் பாயின்ட், கிராஃபோர்ட் லேக் போன்றவற்றுக்கும், ஹாமில்டன் அருகே டண்டஸ் பீக்குக்கும் இதேபோல முன்பதிவு வேண்டும்.

பணம் குறைக்க வழிகள் இருக்கின்றன. பல ஊர் நூலகங்களில் புத்தகம் எடுப்பதுபோல மாகாணப் பூங்கா அனுமதியை இரவல் எடுக்கலாம், நூலக அட்டை போதும், ஆனால் இலைப் பருவத்துக்கு வரிசை நீளம், ஆகஸ்டிலேயே கேளுங்கள். புதிதாக நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ பெற்றவர்கள் கனூ செயலியில் பதிந்தால் அருங்காட்சியகங்களும் சில பூங்காக்களும் இலவசம். எதுவும் வேண்டாம் என்றால் ஸ்கார்பரோ ஓரத்திலேயே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது, நுழைவு இலவசம். அங்கே விஸ்டா பாதையில் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு மேடை இருக்கிறது, தாத்தா பாட்டியும் மெதுவாக நடந்துவிடலாம். என் கணக்கில், ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் அல்கோன்குவினை விடுங்கள், ரூஜ் போதும். ஆறு மணி நேரம் காரில் இருந்த குழந்தையின் முகத்தில் எந்த இலையும் சிரிப்பை வரவழைக்காது.

புகைப்படக்காரரை வைத்துக்கொள்வதானால் 20, 30 நிமிடச் சிறு புகைப்பட அமர்வுக்கு 150 முதல் 350 டாலர் வரை கேட்பார்கள். செப்டம்பர் தொடக்கத்திலேயே இடம் பிடியுங்கள். மழை பெய்தால் வேறு தேதி உண்டா, முன்பணம் திரும்புமா, எத்தனை படம் கிடைக்கும், முழு அளவுக் கோப்பு கொடுப்பார்களா என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். நகரப் பூங்காத் தோட்டங்களிலும் இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளிலும் தொழில்முறைப் படப்பிடிப்புக்கு அனுமதிக் கட்டணம் இருக்கலாம், அதை யார் கட்டுவது என்பதையும் கேளுங்கள். டிரோன் கொண்டுபோக ஆசைப்படாதீர்கள். மாகாணப் பூங்காக்களில் அனுமதி இல்லை, 250 கிராமுக்கு மேல் எடை என்றால் பதிவும் ஓட்டுநர் சான்றிதழும் வேறு வேண்டும்.

5. படம் எடுக்கும் நாள்

உடையில் தொடங்குவோம். இலை சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும், அதே நிறத்தில் அரக்குப் பட்டும் மஞ்சள் குர்தாவும் போட்டுக்கொண்டு நின்றால் ஆள் மரத்துக்குள் மறைந்துவிடுவார். மயில் கழுத்து நிறம், கருநீலம், பாட்டில் பச்சை, சந்தனம் இவை எடுத்துக்காட்டும். எல்லோரும் ஒரே நிறத்தில் வேண்டாம், இரண்டு மூன்று நிறங்களுக்குள் இருந்தால் போதும். பட்டுச்சேலைக்கு உள்ளே வெப்ப உள்ளாடை போட்டுக்கொள்ளலாம், வெளியே தெரியாது. நடப்பதற்கு ஷூ, படத்துக்குச் செருப்பு என்று இரண்டும் எடுத்துப்போங்கள்.

நேரம் அடுத்தது. அக்டோபர் நடுவில் டொராண்டோவில் சூரியன் மாலை ஆறரையை ஒட்டி மறையும். அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம்தான் நல்ல வெளிச்சம். நடுப்பகல் வெயிலில் கண்ணுக்குக் கீழே நிழல் விழும், இலையும் வெளிறும். வானம் மூடியிருந்தால் பயணத்தை ரத்துசெய்யாதீர்கள். மேகமூட்டத்தில்தான் நிறம் அடர்த்தியாக வரும், லேசாக மழை பெய்து விட்ட பிறகு இன்னும் நன்றாக இருக்கும்.

நம் தோல் நிறத்துக்குத் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பின்னால் வெளிர்வானமோ பளபளக்கும் மஞ்சள் மரமோ இருந்தால் கேமரா அதற்கு ஏற்ப ஒளியைக் குறைத்துவிடும், முகம் கறுத்துப்போகும். போனில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்து ஒளியைப் பூட்டி, பிறகு கொஞ்சம் ஏற்றுங்கள். வானம் சட்டகத்துக்குள் எவ்வளவு குறைவாக வருகிறதோ அவ்வளவு நல்லது. மரத்தடியில் முழுதாக நுழைந்து நிற்காதீர்கள், இலையின் மஞ்சளும் பச்சையும் கன்னத்தில் பட்டு முகம் நோயாளிபோல் தெரியும். நிழலின் விளிம்பில், திறந்த வானத்தைப் பார்த்து நில்லுங்கள். போனில் இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் போட்டு நாலு எட்டு பின்னால் போய் எடுங்கள், முகம் விரியாது, பின்னால் உள்ள மரங்களும் நெருங்கித் தெரியும்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு: ஓடும் பிள்ளைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 250ல் ஒரு பங்காவது வேண்டும். ஒருவர் என்றால் துளை அளவு 2.8 அல்லது 4, இரண்டு வரிசையாகக் குடும்பம் நின்றால் 5.6 முதல் 8, இல்லையென்றால் பின்வரிசை மங்கும். நிறச்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் மேகமூட்டத்தில் வையுங்கள், தானியங்கி அந்தப் பொன்னிறத்தையே குறை என்று நினைத்துத் திருத்திவிடும். 40 முதல் 100 டாலருக்குள் லென்ஸில் மாட்டும் ஒரு போலரைசர் வாங்கினால் ஈர இலையின் பளபளப்பை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் சிவப்பைக் காட்டும், இந்தப் பருவத்துக்கு வேறு எந்தக் கருவியும் இவ்வளவு பயன்தராது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஒன்றைச் சட்டைப்பையில் உடம்போடு வையுங்கள். வீடு திரும்பியதும் கேமராவைப் பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் மூடி வையுங்கள், சூடான வீட்டில் உடனே திறந்தால் லென்ஸ் வியர்க்கும்.

பிள்ளைகளை நிற்கவைத்துச் சிரிக்கச் சொல்லாதீர்கள். இலையைக் குவித்து வாரியிறைக்கச் சொல்லி, தொடர்ந்து எடுங்கள். எல்லோரும் ஒன்றாக நிற்கும் படத்தை முதல் பத்து நிமிடத்திலேயே எடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு யாருக்காவது பசிக்கும்.

6. அன்று இரவே: உண்ணி பார்த்தல்

இதைத் தள்ளிப்போடக் கூடாது. கறுப்புக்கால் உண்ணிகள் இலையுதிர்காலத்தில் நன்றாக நடமாடும், வெப்பம் 4 டிகிரிக்கு மேல் இருந்தாலே போதும். ரூஜ் பள்ளத்தாக்கும் அவை இருக்கும் பகுதிதான். இலைக்குவியலில் புரண்ட பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது தலைமுடி, காதுக்குப் பின்னால், அக்குள், தொப்புள், முழங்காலுக்குப் பின்னால் பாருங்கள். ஒட்டியிருந்தால் முனை கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெயோ நெருப்போ வைக்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு உடனே மருந்துக்கடைக்குப் போங்கள். 2023 ஜனவரி முதல் ஒன்டாரியோவில் மருந்தாளரே உண்ணிக்கடியைப் பார்த்து, தேவைப்பட்டால் லைம் நோய்த் தடுப்பு மருந்து எழுதலாம். உண்ணியை எடுத்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய மருந்து என்பதால் "திங்கள்கிழமை பார்ப்போம்" வேண்டாம். சுகாதார அட்டையை எடுத்துப்போங்கள்.

7. அக்டோபர் நடுவில்: பூண்டு நடுங்கள், ஆனால் தோண்டும் முன் கேளுங்கள்

பிள்ளைகளோடு செய்ய இதைவிட நல்ல வேலை இந்தப் பருவத்தில் இல்லை. தரை உறைவதற்கு நாலு முதல் ஆறு வாரம் முன்பு, அதாவது இங்கே அக்டோபர் நடுவிலிருந்து கடைசிக்குள், கடினத்தண்டுப் பூண்டை நட்டால் ஜூலையில் தோண்டி எடுக்கலாம். மளிகைக் கடைப் பூண்டு பல நேரம் குளிர் தாங்காத வகை. உழவர் சந்தையில் உள்ளூர் விதைப்பூண்டு கேளுங்கள், 'மியூசிக்' என்ற வகை ஒன்டாரியோவில் நன்றாக வருகிறது. பல்லைத் தோலோடு பிரித்து, கூர்முனை மேலே இருக்க, 5 செ.மீ. ஆழத்தில், 15 செ.மீ. இடைவெளியில் நட்டு வைக்கோலால் மூடுங்கள். ஜூனில் வரும் சுருள் தண்டை ஒடித்துப் பொரியல் செய்யலாம்.

மரம் நடுவதோ வேலிக்கால் ஊன்றுவதோ என்றால் கதை வேறு. ஒன்டாரியோ ஒன் காலில் குறைந்தது 5 வேலை நாள் முன்பு பதிய வேண்டும், இலவசம், சட்டப்படி கட்டாயம். எரிவாயு, மின்சாரம், தொலைத்தொடர்புக் கம்பிகள் போகும் தடத்தைப் பெயின்டாலும் சிறு கொடியாலும் குறித்துத் தருவார்கள். அந்தக் குறியீடுகளையும் படம் எடுத்து 'வீடு' ஆல்பத்தில் போடுங்கள், மழையில் பெயின்ட் போய்விடும். தோட்டத்துக் கொட்டகை 15 சதுர மீட்டருக்கு மேல் போனால் கட்டட அனுமதி வேண்டும், உயரமான மரத்தளம் கட்டவும் வேண்டும். அதை இந்த வருடம் தொடங்காதீர்கள், குளிர்காலத்தில் வரைபடமும் விண்ணப்பமும் தயார்செய்து வசந்தத்தில் கட்டுங்கள்.

8. அக்டோபர் கடைசி: வெளிக்குழாய்

பத்து நிமிட வேலை, விட்டால் ஆயிரக்கணக்கில் செலவு. வரிசை இதுதான்: தோட்ட ஹோஸைக் கழற்றுங்கள், உள்ளே அந்தக் குழாய்க்குப் போகும் வால்வை மூடுங்கள், வெளியே போய்க் குழாயைத் திறந்து தண்ணீர் வடியவிடுங்கள், உள்ளே வால்வின் பக்கவாட்டில் சிறு மூடி இருந்தால் அடியில் ஒரு பாத்திரத்தை வைத்து அதையும் திறந்து வடித்து மூடுங்கள். வெளிக்குழாயைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள். "எங்களுடையது உறையாத குழாய்" என்பவர்களும் ஹோஸைக் கழற்றியே ஆக வேண்டும். ஹோஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் வடியாமல் உள்ளே நின்று உறைந்து, சுவருக்குள் குழாய் வெடிக்கும். அது வசந்தத்தில் குழாயைத் திறக்கும்போதுதான் தெரியும்.

9. அதே வாரங்களில்: ஜன்னல், கதவு, ஈரம்

காற்று எங்கே வருகிறது என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். காற்றடிக்கும் நாளில் ஜன்னல் ஓரமாகப் பிடித்து நகர்த்துங்கள், புகை ஆடும் இடம்தான் ஓட்டை. கதவடிப் பட்டை 15, 20 டாலர். ஒட்டும் நுரைப்பட்டை 10 டாலருக்குள். வெளிப்புறக் கால்க் (இடுக்கை அடைக்கும் பசை) பூசுவதானால் பெரும்பாலானவை 5 டிகிரிக்குக் கீழே பிடிக்காது, டப்பாவில் பார்த்து அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள். பழைய ஜன்னல் என்றால் உள்பக்கம் ஒட்டும் பிளாஸ்டிக் படலம் 20 முதல் 30 டாலருக்கு ஐந்து ஜன்னலுக்குக் கிடைக்கும், ஒட்டி முடி உலர்த்தியால் சூடுகாட்டினால் இறுகிவிடும். பேஸ்மென்ட் படுக்கையறையில் தீ என்றால் வெளியேற அந்த ஒரு ஜன்னல்தான் என்றால் அதை எதுவும் போட்டு அடைக்காதீர்கள்.

ஓட்டையை அடைத்ததும் அடுத்த பிரச்சினை தொடங்கும். நம் சமையலில் ஆவி அதிகம். இட்லி, சோறு, ரசம், குக்கர் எல்லாம் சேர்ந்து இறுக்கிய வீட்டின் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீராக வழியும், மரச்சட்டத்தில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைச் சமைக்கும்போதும் முடிந்து 20 நிமிடமும் ஓடவிடுங்கள். அது காற்றை வெளியே தள்ளுகிறதா அல்லது வடிகட்டி மறுபடி சமையலறைக்குள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள், அடுக்குமாடி வீடுகளில் இரண்டாவது வகை நிறைய. அப்படியென்றால் குளியலறை விசிறியையும் சேர்த்துப் போடுங்கள். 15 டாலருக்கு ஒரு ஈரப்பதமானி வாங்கி வைத்து, கடுங்குளிரில் 30 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

10. நவம்பர் முதல் ஞாயிறு: கடிகாரமும் அலாரமும்

நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அன்றிலிருந்து ஐந்து மணிக்கே இருட்டிவிடும், வேலை முடிந்து வந்து வெளிவேலை செய்வது என்பது இனி இல்லை. அன்றே புகை அலாரத்தையும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் அழுத்திப் பாருங்கள். புகை அலாரம் ஒவ்வொரு மாடியிலும் படுக்கையறைகளுக்கு வெளியிலும் கட்டாயம், 10 வருடம் ஆனால் மாற்ற வேண்டும். எரிவாயு ஃபர்னஸோ, நெருப்படுப்போ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால் 2026 ஜனவரி 1 முதல் கார்பன் மோனாக்சைடு அலாரமும் படுக்கையறைகளுக்கு அருகிலும் ஒவ்வொரு மாடியிலும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தது 50 முதல் 90 டாலர். வாடகை வீட்டில் இது வீட்டுக்காரர் பொறுப்பு.

தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று பேட்டரியைக் கழற்றி மேசை டிராயரில் போடுவது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், அபராதம் இருக்கட்டும், உயிர் போகும். சமையலறை அருகே ஒளிமின் வகை அலாரம் போடுங்கள், அது பொரியல் புகைக்குக் குறைவாகக் கத்தும். கத்தினால் நிறுத்தப் பொத்தானும் இருக்கிறது.

நவம்பர் 1 முதல் மின்சாரக் கட்டண நேரமும் மாறும். நேரவாரிக் கட்டணத்தில் இருப்பவர்களுக்கு வார நாட்களில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் உச்சக் கட்டணம். துணி உலர்த்தியை இரவு 7க்குப் பிறகு போடுங்கள்.

11. நவம்பர்: இலையை அள்ளுதல், கூரைக் கால்வாய்

இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் எடுக்க மாட்டார்கள். காகிதத் தோட்டக்கழிவுப் பை வேண்டும், கட்டு சில டாலர்தான். டொராண்டோவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, டிசம்பர் நடுப்பகுதிவரை எடுப்பார்கள், மற்ற ஊர்களுக்கு நகராட்சிக் காலண்டரைப் பாருங்கள், சில ஊர்களில் முன்பே முடிந்துவிடும். ஊரில் செய்வதுபோலக் குவித்துக் கொளுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள், டொராண்டோவில் தடை. புல் அறுக்கும் இயந்திரத்தை இலைமேல் ஓட்டித் தூளாக்கிப் புல்லிலேயே விட்டாலும் நல்லது, பூண்டுப் பாத்திக்கும் போடலாம்.

கூரை ஓரத்து ஈவ்ஸ்ட்ரஃபை இலை எல்லாம் கொட்டி முடிந்த பிறகு, முதல் பனிக்கு முன்னால் சுத்தம்செய்ய வேண்டும். முன்கூட்டியே செய்தால் மறுபடி நிறையும். ஏணி என்றால் நான்கடி உயரத்துக்கு ஒரு அடி வெளியே அடியை வையுங்கள், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், ஈரமான நாளில் ஏறாதீர்கள். இரண்டு மாடி வீடு என்றால் 150 முதல் 250 டாலர் கொடுத்து ஆளை வைப்பதே சரி. அவர்களிடம் பொறுப்புக் காப்பீடும் தொழிலாளர் விபத்துக் காப்பீடும் இருக்கிறதா என்று கேட்டு, சான்றிதழைப் படமாக அனுப்பச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள், மேலே என்ன நடந்தது என்று நமக்குக் கீழிருந்து தெரியாது.

12. காரும் காகிதங்களும்

குளிர்கால டயர் ஒன்டாரியோவில் சட்டக் கட்டாயம் இல்லை, ஆனால் வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே நிலையாக இறங்கினால் சாதாரண டயர் பிடிமானம் இழக்கும், போட்டுவிடுங்கள். மூன்று சிகர மலைக்குள் பனிப்படிகம் இருக்கும் குறியைப் பார்த்து வாங்குங்கள். மாற்றும் நாளை அக்டோபர் தொடக்கத்திலேயே பதிந்துவிடுங்கள், முதல் பனி விழுந்த பிறகு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2016 ஜனவரி முதல் எல்லா வாகனக் காப்பீட்டு நிறுவனங்களும் இதற்குத் தள்ளுபடி தர வேண்டும், ஆனால் நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும். ரசீதையும் மாட்டிய டயரின் படத்தையும் முகவருக்கு அனுப்புங்கள்.

ஒரே மின்கோப்புறையில் போட்டுவைக்க வேண்டியவை: ஃபர்னஸ் பரிசோதனை ரசீது, டயர் ரசீது, வாங்கிய அலாரங்களின் ரசீது, கம்பித்தடக் குறிப்பு, வேலைக்கு வந்தவர்களின் காப்பீட்டுச் சான்று, வீட்டுக்காரருக்கு எழுதிய செய்திகள்.

எடுத்த குடும்பப் படங்களில் நல்லதைத் தேர்ந்து நவம்பர் நடுவிலேயே அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள். 4 × 6 படம் ஒன்று அரை டாலரை ஒட்டி ஆகும், டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் அட்டைக் கூட்டத்தில் தாமதமாகும். ஊருக்கு அனுப்புவதானால் வெறும் உறையில் போடாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, கண்காணிப்பு எண் வரும் அஞ்சலில் அனுப்புங்கள், முகவரியில் அங்கே உள்ளவரின் கைபேசி எண்ணையும் கட்டாயம் எழுதுங்கள்.